ஆபரேஷன் தழும்புக்கு கொலாஜன் பவுடர், குடிச்சவங்க யாராவது இருக்கீங்களா?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு சத்தமில்லாம போற ஆள் நான், இன்னிக்குத்தான் முதல் தடவையா எழுதறேன், தப்பா எதாவது கேட்டா கோவிச்சுக்காதீங்க. தைராய்டுல கட்டி இருந்துச்சு, ஒரு பக்கத்த மட்டும் எடுத்துட்டாங்க, இன்னியோட 19 நாள் ஆச்சு. பயாப்ஸி ரிப்போர்ட் நல்லபடியா வந்துருச்சு, அந்த பயம் விட்டுச்சு, இப்ப கண்ணாடி பயம் புடிச்சிருக்கு. கழுத்துக்கு குறுக்கால அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, செவசெவன்னு, தொட்டா உள்ளுக்குள்ள கயிறு மாதிரி கெட்டியா இருக்கு. எச்சில் முழுங்கினா அந்தக் கோடும் கூடவே மேல ஏறி இறங்குது. எதிர்ல நின்னு பேசறவங்க பார்வை என் கண்ணுல இருந்து நழுவி அங்க போயிட்டு திரும்பி வர்றது எனக்கு நல்லாவே தெரியுது.

விஷயம் என்னன்னா சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி கொலாஜன் பவுடர் வாங்கிக் குடுத்துட்டா. தோலே கொலாஜன்தான், அத உள்ள அனுப்பினா தழும்பு தானா மறையும்ங்கறா. தெனம் ஒரு ஸ்கூப்பு, 10 கிராம். டாக்டர்கிட்ட கேட்டேன், "குடிக்கணும்னா குடிங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பேஷன்ட்ட கூப்ட்டுட்டார், அது சரிங்கறதா வேணாம்ங்கறதான்னே புரியல. டப்பா சீல் ஒடைக்காம அலமாரில இருக்கு.

இன்னொண்ணு, எங்கம்மாவுக்கு காது குத்தின எடத்துல உருண்டையா சதை வளந்து பல வருஷமா இருக்கு. கொலாஜன் ஜாஸ்தியானாத்தான் அப்படி ஆகும்னு எங்கயோ படிச்சேன். அப்ப நான் இதக் குடிச்சா எனக்கும் அப்படிக் கெளம்பிருமா?

முட்டிராசா:
தைரியமா குடிங்க சிஸ்டர். எனக்கு முட்டில லிகமென்ட் ஆபரேஷன், ஆறு மாசம் ஒரு நாள் விடாம குடிச்சேன். ஆரம்பத்துல கம்பளிப்பூச்சி ஒட்டிட்டு இருக்கற மாதிரி இருந்த கோடு இப்ப வெளிச்சத்துல காட்டினாத்தான் தெரியும். நகம் கூட நல்லா வளருது. டாக்டருங்க இதெல்லாம் சொல்ல மாட்டாங்க.

கடுகு:
ஆறு மாசம் வெறும் தண்ணி குடிச்சிருந்தாலும் மங்கியிருக்கும் ராசா.

முட்டிராசா:
வந்துட்டாருய்யா. நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?

கடுகு:
தண்ணியா? தெனமும்.

ராப்பறவை:
ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க, பொண்ணு பயந்து போய் கேக்குது. நூல்கண்டு, ரிப்போர்ட் நல்லா வந்ததுக்கு முதல்ல சந்தோஷம். நான் டாக்டர் கிடையாது, ஆபரேஷன் புண்ணு, படுக்கைப் புண்ணு, தீக்காயம் இதுக்கெல்லாம் கட்டுப் போடற வார்டுல பல வருஷமா வேல பாக்கற நர்ஸ். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

அந்தக் கயிறு மாதிரி கெட்டியா இருக்கறது கெட்ட விஷயம் இல்ல. உங்க உடம்பு அந்த எடத்துல இப்ப ராப்பகலா கொலாஜன் பின்னிட்டு இருக்கு, அதத்தான் நீங்க தொட்டுப் பாக்கறீங்க. முதல்ல அவசரத்துக்கு மூணாம் வகை கொலாஜன்னு ஒரு மெல்லிசான ரகத்தப் போட்டு அடைக்கும், அப்புறம் மாசக்கணக்கா அதப் பிரிச்சுப் பிரிச்சு கெட்டியான முதல் வகைய வெக்கும். மூணு வாரத்துல தொடங்கற இந்த வேல ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம் கூட ஓடும். நடுவுல ரெண்டு மூணு மாசம் வரைக்கும் செவப்பு ஏறும், தடிப்பும் ஏறும், ஐயோ மோசமாகுதேன்னு தோணும். அதுக்கப்புறம்தான் எறங்கும். 19 நாள் தழும்பப் பாத்து எதையும் முடிவு பண்ணாதீங்க.

இப்ப பவுடர் விஷயம். உங்க உறவுக்காரப் பொண்ணு சொல்றதுல ஒரு எடத்துல இடிக்குது. தழும்புல கொலாஜன் கொறைச்சல் கெடையாது, தழும்பே கொலாஜன்தான். நல்ல தோல்ல அது பாய் முடைஞ்ச மாதிரி குறுக்கும் நெடுக்குமா போகும், இழுத்தா கொடுக்கும், விட்டா திரும்பும். தழும்புல கிழிஞ்ச துணிய அவசரத்துக்கு இழுத்துப் புடிச்சு தச்ச மாதிரி எல்லா இழையும் ஒரே பக்கமா கத்தையா கெடக்கும். எவ்வளவு நாள் ஆனாலும் பழைய தோலோட பலத்துல ஒரு 80 சதவீதத்த தாண்டாது. பின்னல்தான் வேற, நூல் பஞ்சம் இல்ல. உங்க பேர வெச்சே சொல்றேனே, இன்னும் பத்து நூல்கண்டு வாங்கி வெச்சா தையக்காரர் கை நேராகிடுமா?

நூல்கண்டு:
அய்யோ இப்படி யாருமே சொல்லல எனக்கு. அப்ப குடிக்கறது முழு வேஸ்ட்டா?

சோதனைக்குழாய்:
முழு வேஸ்ட்னு சொல்ல முடியாதுங்க, உயிர்வேதியியல் படிச்சவன்ங்கற முறைல நடுவுல வர்றேன். கொலாஜன்ங்கறது மூணு சங்கிலி முறுக்கின கயிறு, ஒவ்வொரு மூணாவது எடத்துலயும் கிளைசின்ங்கற அமினோ ஆசிட் (புரோட்டீன் சங்கிலியோட ஒரு கண்ணி) உக்காந்திருக்கும், மத்ததுல புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் நெறய. அந்தக் கயித்த நீங்க முழுங்கினா அப்படியே கழுத்துக்குப் போயி ஒட்டிக்காது, வயித்துலயும் குடல்லயும் துண்டு துண்டா வெட்டுப்படும். பெரும்பாலானது தனித்தனி அமினோ ஆசிடா போயிடும். ஆனா சுவாரசியம் என்னன்னா ரெண்டு மூணு கண்ணி சேந்த சின்னத் துண்டுங்க கொஞ்சம் வெட்டுப்படாம ரத்தத்துக்கே போகுது, 2005ல ஜப்பான்ல ஜெலட்டின் (கொலாஜன வேக வெச்சா கெடைக்கறது) குடிக்க வெச்சு ரத்தத்துல பாத்துட்டாங்க. அந்தத் துண்ட கண்ணாடித் தட்டுல எலித்தோல் செல்லுக்குப் போட்டா செல்லு சுறுசுறுப்பா வளருது. பவுடர் விக்கறவங்க சொல்ற கதைக்கெல்லாம் அடி இதுதான், பொய் இல்ல. ஆனா தட்டுல எலி செல்லுக்கு நடந்தது உங்க கழுத்துல தழும்ப அழகாக்கும்னு சொல்றதுக்கு நடுவுல பெரிய பள்ளம் இருக்கு.

மனுஷங்ககிட்ட செஞ்சு பாத்ததுல நல்ல சேதி வந்தது எதுலன்னா புண்ணு ஆறறதுல. 2006ல வந்த ஒரு ஆய்வு, முதியோர் இல்லங்கள்ல படுக்கைப் புண்ணோட இருந்த 89 பேருக்கு 8 வாரம் குடுத்தாங்க, குடிச்சவங்களுக்கு புண்ணு நல்லா சுருங்குச்சு. 2020ல தீக்காயக்காரங்க கொஞ்சப் பேர்கிட்ட செஞ்சதுலயும் சீக்கிரம் ஆறுச்சு. ஆனா அவங்கெல்லாம் யாரு? சாப்பாடு செல்லாத வயசானவங்க, உடம்புல நெறய எடம் வெந்து புரோட்டீன் ஒழுகிட்டு இருக்கறவங்க. அவங்களுக்கு எந்த ரூபத்துல புரோட்டீன் போனாலும் லாபம். அதுவும் புண்ணு மூடுச்சான்னுதான் பாத்தாங்க, மூடினதுக்கு அப்புறம் தழும்பு எப்படி இருக்குங்கறது வேற கேள்வி.

முட்டிராசா:
தோலுக்கு நல்லதுன்னு எத்தன ஆராய்ச்சி இருக்கு, சுருக்கம் கொறையுது, ஈரப்பதம் கூடுதுன்னு. அதெல்லாம் பொய்யா?

சோதனைக்குழாய்:
இருக்கு ராசா, நெறய இருக்கு. 2025ல அப்படி 23 ஆய்வ ஒண்ணா சேத்து அலசினாங்க. மொத்தமா பாத்தா நல்ல பலன்தான். ஆனா யார் காசுல நடந்த ஆய்வுன்னு ரெண்டா பிரிச்சாங்க பாருங்க, கம்பெனி காசு வாங்கினதுல பலன் தெரியுது, வாங்காததுல ஒண்ணுமே தெரியல. அதுவும் சுருக்கத்துக்குத்தான், தழும்புக்கு இல்ல.

கடுகு:
ஹஹஹா. காசு குடுத்தா சுருக்கம் போகும் போல.

நாலுஓட்டை:
நான் ஒரு கத சொல்றேன், கதன்னு கூட இல்ல, என் வயித்துலயே எழுதியிருக்கு. பித்தப்பை கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி பண்ணி நாலு ஓட்ட போட்டாங்க, பேருக்குக் காரணம் புரிஞ்சிருக்கும். தொப்புள்ள ஒண்ணு, நெஞ்செலும்புக்குக் கீழ ஒண்ணு, வலது பக்கம் விலாவுக்குக் கீழ சின்னதா ரெண்டு. ஆபரேஷன் ஆன அடுத்த வாரத்துல இருந்து நானும் கொலாஜன் குடிச்சேன், மூணு மாசம், மீன்ல எடுத்த ரகம், நாத்தம் வேற. வாராவாரம் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், கொஞ்சம் கிறுக்கு நான்.

இப்ப எட்டு மாசம் ஆச்சு. வலது பக்கம் இருக்கற ரெண்டும் அம்மைத் தழும்பு அளவுக்குக் கூட இல்ல, என் பொண்டாட்டிகிட்ட எங்க இருக்கு சொல்லுன்னா தடவித்தான் கண்டுபுடிப்பா. தொப்புள்ல இருக்கறது மடிப்புக்குள்ள போயிருச்சு. ஆனா நெஞ்சுக்குக் கீழ இருக்கறது மட்டும் அவரக்கொட்ட மாதிரி தடிச்சு, ஊதாவா, பளபளன்னு நிக்குது, வேர்த்தா அப்படி ஒரு நமைச்சல். ஒரே உடம்பு, ஒரே சர்ஜன், ஒரே பவுடர், ஒரே நாள்ல போட்ட ஓட்ட. ஆனா நாலும் நாலு விதம். பவுடருக்கு அந்த சக்தி இருந்தா அது ஏன் மூணு ஓட்டைக்கு மட்டும் வேல செஞ்சுட்டு நாலாவதுகிட்ட கோவிச்சுக்கிச்சு?

ஸ்கின் டாக்டர்கிட்ட போனப்ப அவங்க பவுடர் பத்தி கேக்கவே இல்ல, எந்த எடம், எவ்வளவு இழுவிசை, அதான் கேட்டாங்க. நெஞ்சு நடு, தோள்பட்ட, மேல்முதுகு, காது மடல், இங்கெல்லாம் தழும்பு முரண்டு புடிக்குமாம். குனிஞ்சு நிமிர்றப்பெல்லாம் அந்த எடம் இழுபடுது, பக்கத்து ரெண்டும் சும்மா கெடக்கு.

முட்டிராசா:
ஒருவேள நீங்க குடிக்காம இருந்திருந்தா நாலுமே அவரக்கொட்டையா நின்னிருக்கலாம்ல?

நாலுஓட்டை:
இருக்கலாம்ங்க, இல்லன்னு என்னால சாதிக்க முடியாது. அடுத்த தடவ ரெண்டு பித்தப்பையோட பொறந்தா இன்னொண்ண குடிக்காம எடுத்துப் பாக்கறேன். அதே மாதிரி உங்க முட்டியும் குடிக்காம இருந்தா எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ராப்பறவை:
நாலுஓட்டை, உங்க போட்டோ கிறுக்கு நல்ல கிறுக்கு, எல்லாரும் செய்யணும். ஒரே வெளிச்சம், ஒரே தூரம், பக்கத்துல ஒரு ஸ்கேல வெச்சு. இல்லன்னா மனசு நம்மள ஏமாத்தும்.

நூல்கண்டு, அம்மாவோட காது பத்தி கேட்டத மறக்கல, உண்மைல உங்க பதிவுலயே முக்கியமான வரி அதுதான். அது கீலாய்டா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. புண்ணோட எல்லைய தாண்டி பக்கத்து நல்ல தோலுக்கும் பரவி வளந்தா கீலாய்டு, எல்லைக்குள்ளயே தடிச்சு நின்னா ஹைப்பர்ட்ரோஃபிக், நாலுஓட்டைக்கு இருக்கறது ரெண்டாவது மாதிரித் தெரியுது, பாக்காம சொல்றேன். ரெண்டுலயும் கொலாஜன் அளவுக்கு மீறித்தான் இருக்கும், நீங்க படிச்சது சரி. ஆனா அது நம்ம வாய்வழியா ஜாஸ்தி போட்டதால வர்றது இல்ல. கொலாஜன் பின்ற செல்லுங்களுக்கு போதும் நிறுத்துங்கற சேதி போய்ச் சேராம அதுங்க பாட்டுக்கு ஓட்டிட்டே இருக்கறதால வர்றது. கட்டடத்துக்கு வெளிய செங்கல் குவிஞ்சு கெடக்கறதால யாரும் கூட ரெண்டு மாடி கட்டறதில்ல, மேஸ்திரி சொன்னாத்தான் கட்டுவாங்க. அதனால பவுடர் குடிச்சா கீலாய்டு வரும்னு பயந்து தூங்காம இருக்காதீங்க. பயப்பட வேண்டியது வேற, இது குடும்பத்துல ஓடும், கருத்த தோலுக்கு இன்னும் ஜாஸ்தி வரும், நெஞ்சும் கழுத்தும் அதுக்குப் புடிச்ச எடம். அடுத்த தடவ போறப்ப "எங்கம்மாவுக்கு கீலாய்டு இருக்கு"ன்னு முதல் வாக்கியமா சொல்லுங்க, அவர் அடுத்த பேஷன்ட்ட கூப்டறதுக்கு முன்னாடி.

மழைத்தாள்:
நான் சிசேரியன் ரெண்டு. முதல்ல ஒரு சொந்த அசட்டுத்தனம் சொல்றேன். முதல் குழந்தைக்கு அப்புறம் விட்டமின் ஈ மாத்திரைய ஊசியால குத்தி அந்த எண்ணெய தழும்புல தேச்சேன், யார் சொன்னாங்கன்னு கூட ஞாபகம் இல்ல, எல்லாரும் சொல்வாங்களே அது. பத்து நாள்ல அடிவயிறு பூரா வேர்க்குரு மாதிரி பொரிஞ்சு ராத்திரி தூக்கம் போச்சு. அப்புறம்தான் டாக்டர் சொன்னார், 1999லயே 15 பேர வெச்சு சோதிச்சுப் பாத்திருக்காங்க, தழும்புல பாதிக்கு ஈ தடவி பாதிக்கு தடவாம. பெரும்பாலானவங்களுக்கு வித்தியாசமே இல்ல இல்லன்னா இன்னும் மோசம், மூணுல ஒருத்தருக்கு அலர்ஜி.

ரெண்டாவது தடவ சும்மா பேப்பர் டேப். கட்டு பிரியாம இருக்க ஒட்டுவாங்களே பழுப்பு நெறத்துல, அது. தையல் முழுசா மூடினதும் கோட்டு நெடுக ஒட்டிட்டு அது தானா ஓரம் கெளம்பற வரைக்கும் விட்டு, திரும்ப ஒட்டி, இப்படி 12 வாரம். குளிச்சாலும் இருக்கும். தோல ரெண்டு பக்கமும் இழுபடாம புடிச்சுக்குதாம், அதான் சூட்சுமம். சிசேரியன்காரங்க 70 பேர வெச்சு இதையும் சோதிச்சிருக்காங்க, டேப் ஒட்டினவங்களுக்கு தடிச்ச தழும்பு கம்மி. இதுக்கு விளம்பரம் வராது ஏன்னா டேப்பு வித்து யாரும் பணக்காரன் ஆகப் போறதில்ல. முதல் தழும்புக்குப் பக்கத்துலயே வெட்டினாங்க, ரெண்டாவது கோடு வெள்ள நூல் மாதிரி இருக்கு.

நூல்கண்டு:
கழுத்துல டேப் ஒட்டிட்டு ஆபீஸ் போனா இன்னும் பத்து பேர் கேப்பாங்களே அக்கா 😔 வேற எதாவது?

ராப்பறவை:
சிலிகோன் இருக்கு, ஷீட்டாவும் வரும், ஜெல்லாவும் வரும். வெளிய போற எடத்துக்கு ஜெல், மெல்லிசா தடவி காய விட்டா ஒண்ணும் தெரியாது. வீட்ல இருக்கறப்ப ஷீட். 1980கள்ல இருந்து தீக்காயத் தழும்புக்கு இதான் போடறாங்க. ஷீட்டா இருந்தா ஒரு நாளைக்கு 12 மணி நேரமாவது ஒட்டியிருக்கணும், கொறஞ்சது ரெண்டு மூணு மாசம், கழுவிக் கழுவித் திரும்ப ஒட்டலாம். எங்கயாவது பொருக்கு இருந்தாலோ கசிவு இருந்தாலோ கிட்டயே கொண்டு போகக் கூடாது, முழுசா மூடின தோலுக்குத்தான். சிலிகோன்லயும் ஆய்வெல்லாம் அவ்வளவு கறாரா இல்லங்கறதையும் சொல்லிடறேன், பவுடர்காரங்கள மட்டும் கேள்வி கேட்டா நியாயமில்ல. ஆனா கையில இருக்கறதுல முதல்ல எடுக்கறது அதுதான்.

வெயில் படாம பாத்துக்கோங்க. புதுத் தழும்பு வெயில்ல கருத்துச்சுன்னா அந்த கருப்பு போக தழும்ப விட ஜாஸ்தி நாள் எடுக்கும். துப்பட்டாவோ சன்ஸ்கிரீனோ, ஒரு வருஷத்துக்கு. முழுங்கறப்ப கோடும் கூட ஏறி இறங்குதுன்னு சொன்னீங்களே, அது தோல் அடில இருக்கற திசுவோட ஒட்டிக்கிட்டதால. சர்ஜன் சரின்னு சொன்னதும் விரல் நுனியால மெதுவா வட்டமா அழுத்தி தேக்க ஆரம்பிங்க. அது மாசக்கணக்குல விடும்.

ஆங், முக்கியமா ஒண்ணு. அந்த டப்பாவோட பின்பக்கம் படிச்சீங்களா? கொலாஜன் மட்டும்தானா, வேற என்னென்ன கலந்திருக்கு?

நூல்கண்டு:
இருங்க எடுத்துட்டு வர்றேன். எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கு... கொலாஜன் பெப்டைடு 10 கிராம், விட்டமின் சி 80 மில்லிகிராம், ஹயலூரானிக் ஆசிட், துத்தநாகம், பயோட்டின் 5000 மைக்ரோகிராம். ஏன்?

ராப்பறவை:
நெனச்சேன். உங்களுக்கு தைராய்டு ரத்த டெஸ்ட் எப்ப?

நூல்கண்டு:
இன்னும் மூணு வாரத்துல. மிச்சம் இருக்கற பாதி போதுமான அளவு சுரக்குதான்னு பாத்துட்டுத்தான் மாத்திர வேணுமா வேணாமான்னு சொல்வேன்னார்.

ராப்பறவை:
அப்ப இத நல்லா கேளுங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவப்படற பயோட்டின் 30 மைக்ரோகிராம். முடி, நகம், தோல்னு விக்கற கலவைல எல்லாம் இத அள்ளிப் போடுவாங்க. உடம்புக்கு அது பெருசா கெடுதல் பண்ணாது, சிறுநீர்ல போயிடும். ஆனா நெறய லேப்ல ஹார்மோன் அளக்கற முறையே பயோட்டின வெச்சுத்தான் நடக்குது. ரத்தத்துல ஏற்கனவே பயோட்டின் நெறஞ்சிருந்தா மெஷின் கொழம்பிடும். டிஎஸ்எச் (தைராய்ட வேல வாங்கற ஹார்மோன், தைராய்டு சோம்பினா இது ஏறும்) உண்மைய விடக் கம்மியாக் காட்டும், டி4 (தைராய்டே சுரக்கற ஹார்மோன்) ஜாஸ்தியாக் காட்டும். அதாவது உங்க தைராய்டு நொண்டிட்டு இருந்தாக் கூட ரிப்போர்ட்ல ஜம்முனு ஓடற மாதிரி வரும், மாத்திர தேவையில்லன்னு அனுப்பிடுவாங்க. இதுக்கு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே எச்சரிக்கை விட்டுச்சு. டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியாவது பயோட்டின நிறுத்தணும், லேப்லயும் சொல்லணும். தழும்புக்குன்னு குடிக்கப் போயி தைராய்டு கணக்கே தப்பாயிருக்கும் பாருங்க.

நூல்கண்டு:
எனக்கு கை நடுங்குது. நாளைக்கு காலைல இருந்து குடிக்கலாம்னு முடிவு பண்ணி ஸ்கூப்பெல்லாம் கழுவி வெச்சுட்டேன்.

கடுகு:
இதுக்கு நான் ஜோக்கு அடிக்கல. நல்ல வேள கேட்டீங்க.

கல்லுடைச்சவர்:
லேபிள் பேச்சு வந்ததால என் பங்குக்கு. சிறுநீரகக் கல்லு வந்தவங்க இந்தப் பவுடர யோசிச்சுத் தொடுங்க. கொலாஜன்ல இருக்கற ஹைட்ராக்சிபுரோலின் உடம்புல ஒடையறப்ப ஆக்சலேட்டாவும் மாறுது, கல்லுல பெரும்பாலானது கால்சியம் ஆக்சலேட்டுதான். ஜெலட்டின் 30 கிராம் சாப்ட வெச்சுப் பாத்ததுல சிறுநீர்ல ஆக்சலேட் கூடினது தெரிஞ்சுது. விட்டமின் சி மாத்திரைய கிராம் கணக்குல போட்டாலும் அதே கத. நான் குடலிறக்கம் ஆபரேஷனுக்கு அப்புறம் சீக்கிரம் தேறணும்னு பவுடர் ரெண்டு ஸ்கூப், சி 1000 மில்லிகிராம், ரெண்டும் சேத்து நாலு மாசம் போட்டேன், அஞ்சாவது மாசம் விலாவப் புடிச்சுக்கிட்டு தரைல உருண்டேன். அதனாலதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், எனக்கு முன்னாடியும் கல்லு வந்திருக்கு. ஆனா வாங்கறப்ப கல்லு இருக்கான்னு ஒருத்தர் கூட கேக்கல.

பச்சைஇலை:
நடுவுல ஒரு சந்தேகம். நாங்க சைவம். தாவரக் கொலாஜன்னு விக்கறாங்களே அது நல்லதா?

சோதனைக்குழாய்:
செடிகொடில கொலாஜனே கிடையாதுங்க. மாடு, பன்னி, கோழி, மீனு, இதுங்களோட தோலு எலும்புல இருந்துதான் பெரும்பாலும் எடுக்கறாங்க. நீங்க சொல்ற டப்பால பெரும்பாலும் விட்டமின் சி, சில அமினோ ஆசிட், மூலிகச் சாறு இருக்கும், "கொலாஜன் உருவாக உதவும்"னு சின்ன எழுத்துல போட்டிருப்பான். வருத்தப்படாதீங்க, உடம்பு தானே செஞ்சுக்கும், பருப்பு, பால், பயறு ஒழுங்கா சாப்ட்டா போதும். இன்னொண்ணு, அசைவக்காரங்களும் இத முழு புரோட்டீனா கணக்குப் பண்ணக் கூடாது, டிரிப்டோஃபான்ங்கற அமினோ ஆசிட் கொலாஜன்ல அறவே இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் எடைல கிலோவுக்கு 1.2லருந்து 1.5 கிராம் வரைக்கும் புரோட்டீன் வேணும்பாங்க, அத இந்தப் பவுடர வெச்சே நெரப்பினா ஏமாந்து போவீங்க. சிறுநீரகக் கோளாறு இருந்தா அந்த அளவே மாறும், டாக்டர கேக்கணும்.

விட்டமின் சி மட்டும் நெஜமாவே பெரிய ஆளு. அது இல்லன்னா கொலாஜன் கயிறே முறுக்கேறாது. 1939ல கிராண்டன்னு ஒரு இளம் சர்ஜன், அமெரிக்கர், தன் மேலயே சோதன பண்ணிக்கிட்டார், ஆறு மாசம் சி சத்து துளி கூட இல்லாத சாப்பாடு. மூணாவது மாசம் முதுகுல ஒரு வெட்டு போட்டாங்க, ஒழுங்கா ஆறிடுச்சு. ஆறாவது மாசம் இன்னொரு வெட்டு, மேல தோல் மூடின மாதிரி இருக்கு, பத்து நாள் கழிச்சு திறந்து பாத்தா உள்ள ஒண்ணுமே கூடல, வெறும் ரத்தக்கட்டி. சி ஏத்தினதும் ஆற ஆரம்பிச்சுது. அதுக்காக ஆள் ஆளுக்கு கிராம் கணக்குல முழுங்க வேணாம், மாசக்கணக்கா ஒரு பழம் ஒரு காய் தொடாம இருந்தாத்தான் அந்த நெலம.

முட்டிராசா:
சரி, நான் தோத்துட்டேன்னு ஒத்துக்க மாட்டேன், ஆனா என் டப்பாவ இப்பத்தான் திருப்பிப் பாத்தேன். அதுலயும் பயோட்டின் இருக்கு. போன மாசம்தான் முழு உடம்பு செக்கப் பண்ணினேன். தைராய்டு எல்லாம் சூப்பர்னு வந்துச்சு...

ராப்பறவை:
ராசா, ஒரு வாரம் நிறுத்திட்டு இன்னொரு தடவ எடுத்துருங்க. சிகரெட் புடிப்பீங்களா? புடிச்சா அதையும் நிறுத்துங்க, தோலுக்குப் போற ரத்தக் கொழாய அது சுருக்கிடும், எந்தப் பவுடர் குடிச்சும் அத ஈடு கட்ட முடியாது.

முட்டிராசா:
எங்கிட்டு இருந்து எங்க வந்தீங்க. பாக்கறேன்க்கா.

நூல்கண்டு:
எல்லாரும் மறந்திருப்பீங்க, நாலு மாசம் கழிச்சு திரும்ப வந்திருக்கேன். டிஎஸ்எச் கொஞ்சம் ஏறித்தான் வந்துச்சு, சின்ன டோஸ்ல மாத்திர ஆரம்பிச்சிருக்காங்க. பயோட்டின் கதைய லேப்ல சொன்னப்ப அந்தப் பையன் நிமிந்து பாத்துட்டு "நீங்க நர்ஸா"ன்னு கேட்டான், ராப்பறவை அக்கா, உங்களத்தான் நெனச்சேன்.

தழும்பு: பகல்ல ஜெல், ராத்திரி ஷீட், மூணு மாசமா விடல. செவப்பு போயி ரோசா நெறத்துக்கு வந்துருச்சு, முழுங்கறப்ப இன்னும் லேசா இழுக்குது, முன்ன மாதிரி இல்ல. ஆனா எடது ஓரத்துல ஒரு அரிசி அளவுக்கு மட்டும் தடிச்சு நமநமன்னு இருந்துச்சு. முன்னாடியா இருந்தா கெடக்கட்டும்னு விட்டிருப்பேன். அம்மா காது ஞாபகம் வந்து ஸ்கின் டாக்டர்கிட்ட ஓடினேன், அந்த எடத்துல மட்டும் ட்ரையாம்சினலோன்ங்கற ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க. வலின்னா அப்படி ஒரு வலி, கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஆனா மூணாவது வாரம் நமைச்சல் நின்னு அமுங்கிருச்சு. அடுத்த வாரம் இன்னொண்ணு. வெட்டி எடுத்துடலாமான்னு அம்மாவுக்காகவும் கேட்டேன், கீலாய்ட வெறுமன வெட்டினா பாதிக்கு மேல திரும்ப வரும், அதுவும் பெருசா வரும், ஊசியோட சேத்துத்தான் யோசிக்கணும்னாங்க. அம்மா இப்பத்தான் முதல் தடவையா டாக்டர்கிட்ட காதக் காட்டியிருக்காங்க, இத்தன வருஷம் முடிய முன்னாடி இழுத்து விட்டு மறைச்சுட்டே இருந்தாங்க.

நாலுஓட்டை:
அரிசி அளவுலயே போயிட்டீங்க பாருங்க. நான் அவரக்கொட்ட ஆகற வரைக்கும் போட்டோ எடுத்துட்டு இருந்தேன். எனக்கு இது நாலாவது ஊசி.

கடுகு:
அந்த டப்பா என்னாச்சு?

நூல்கண்டு:
வாங்கிக் குடுத்தவளே நகத்துக்கு ஆகும்னு திரும்ப எடுத்துட்டுப் போயிட்டா. ரத்த டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்ன நிறுத்துன்னு மூடி மேல மார்க்கர்ல எழுதிக் குடுத்தேன். இந்த மூடி அழகா இருந்துச்சு, கெடுத்துட்டன்னு திட்டிட்டுப் போறா.